கட்டிக்குள்ள ஒரு கடைமடை: மூச்சு முட்டுற கேன்சர் செல் எப்படி பிழைக்குது

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல அத்தை ஒரு ஃபார்வர்ட் போட்டிருந்தாங்க. கேன்சருக்கு ஒரே காரணம் உடம்புல ஆக்சிஜன் குறையுறதுதான், இதை கண்டுபிடிச்சதுக்காக ஒரு ஜெர்மன் விஞ்ஞானிக்கு 1931லயே நோபல் குடுத்தாச்சு, மருந்து கம்பெனிங்கதான் மறைக்குறாங்க, அப்படின்னு போயி கடைசியில ஆல்கலைன் தண்ணி மெஷின்ல வந்து முடியுது. இதே மேட்டர் வேற வேற ரூபத்துல பத்து வருஷமா சுத்திக்கிட்டே இருக்கு, உங்களுக்கும் வந்திருக்கும். கடுப்பு என்னன்னா இதுல பேர் நிஜம், வருஷம் நிஜம், ஆக்சிஜனுக்கும் கேன்சருக்கும் சம்பந்தம் இருக்குங்கறதும் நிஜம், ஆனா சம்பந்தம் எந்தப் பக்கமா ஓடுதுங்கறதுதான் தலைகீழ். ஆக்சிஜன் கம்மியானதால கேன்சர் வரல, கேன்சர் வளர்ந்ததால அதுக்குள்ள ஆக்சிஜன் கம்மியாகுது, அப்படி கம்மியானதும் அந்த செல்லுங்க சாகாம சாப்பாட்டு முறையையே மாத்திக்கிட்டு முன்னவிட முரட்டுத்தனமா ஆகுதுங்க. கதை இதுதான்.

அந்த ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க். 1931 நோபல் அவருக்கு கெடச்சது செல் மூச்சு விடுறதுக்கு உதவுற ஒரு என்சைம் என்ன மாதிரி பொருள், எப்படி வேலை செய்யுதுன்னு காட்டினதுக்காக. கேன்சருக்காக இல்ல. கேன்சர் பத்தின அவரோட பெரிய கண்டுபிடிப்பு அதுக்கு முன்னாடி 1920கள்ல பெர்லின்ல நடந்தது, எலியோட கட்டியை மெல்லிசா சீவி வச்சு அது எவ்ளோ ஆக்சிஜன் இழுக்குது, எவ்ளோ லாக்டிக் ஆசிட் விடுதுன்னு அளந்து பாத்தாரு, ஆக்சிஜன் தாராளமா இருக்கும்போதே கட்டி செல் குளுக்கோஸை அரைகுறையா உடைச்சு லாக்டிக் ஆசிடா கொட்டிக்கிட்டு இருந்துச்சு. அதே காலத்துல, 1925ல, கார்ல் கோரி, கெர்ட்டி கோரிங்கற விஞ்ஞானி தம்பதி சேர்ந்து ஒரு றெக்கையில மட்டும் கட்டி இருந்த கோழியை எடுத்து ரெண்டு றெக்கையிலேர்ந்தும் திரும்பி வர்ற ரத்தத்தை ஒப்பிட்டாங்க, கட்டி இருந்த பக்கத்து ரத்தத்துல குளுக்கோஸ் கம்மி, லாக்டிக் ஆசிட் ஜாஸ்தி. உயிரோட இருக்குற உடம்புக்குள்ளயும் இது நடக்குதுன்னு அப்ப உறுதியாச்சு. (எவ்ளோ சிம்பிளான ஐடியா பாருங்க, ஒரு றெக்கையே இன்னொரு றெக்கைக்கு கன்ட்ரோல்.)

அளந்தது சரி, ஆனா அதுக்கு வார்பர்க் சொன்ன காரணம்தான் சறுக்கிருச்சு. கேன்சர் செல்லோட மைட்டோகாண்ட்ரியா (ஆக்சிஜனை வச்சு சாப்பாட்டை எரிச்சு எனர்ஜி எடுக்குற செல்லோட உள் உறுப்பு) பழுதாகி மூச்சு விட முடியாம போனதுதான் கேன்சரோட மூலம்னு 1956ல கூட அடிச்சு சொன்னாரு. இன்னிக்கு தெரிஞ்ச வரைக்கும் பெரும்பாலான கேன்சர்ல மைட்டோகாண்ட்ரியா நல்லாவே ஓடுது, ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிக்கு அடையாளம் போட்ட குளுக்கோஸை ஏத்தி அப்புறம் கட்டியை வெட்டி எடுத்து பாத்தப்ப நுரையீரல் கட்டிங்க குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவுல முழுசா எரிக்கவும் செய்யுதுன்னு தெரிஞ்சுது. ஆக்சிஜன் இருந்தும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட்தான், செல்லுக்குள்ள இருக்குற ரூபம்) விடுறது வார்பர்க் சமாச்சாரம், அதுக்குப் பின்னாடி கேன்சர் ஜீன்களோட தூண்டுதல் இருக்கு. ஆக்சிஜன் இல்லாம லாக்டேட் விடுறது வேற சமாச்சாரம். ரெண்டும் ஒரே கட்டிக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு நடக்கும், அதனாலதான் இவ்ளோ குழப்பம். நான் பேசப்போறது ரெண்டாவதை.

மொதல்ல கட்டிக்குள்ள ஆக்சிஜன் ஏன் கம்மியாகுது? கொரோனா சமயத்துல எல்லார் வீட்லயும் விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் வாங்கி வச்சோம்ல, அதுல 98 காட்டுற ஆளோட கட்டிக்குள்ள ஆக்சிஜன் கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கலாம். விரல் காட்டுறது தமனி ரத்தத்துல எவ்ளோ ஏறியிருக்குங்கறதை, செல் வாசல் வரைக்கும் போய் சேர்ந்துச்சாங்கறதை இல்ல. மேட்டூர்ல தண்ணி தொறந்தாச்சுன்னு டிவியில காட்டுவான், நாகப்பட்டினம் பக்கத்துல கடைமடைக்காரன் வாய்க்காலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான், அந்தக் கதைதான். ஆக்சிஜன் ரத்தக்குழாயிலேர்ந்து வெளிய வந்து செல்லுக்கு செல்லா ஊறிப் போகணும், வழியில இருக்குற ஒவ்வொருத்தனும் தன் பங்கை எடுத்துக்குவான், ஒரு தூரத்துக்கு மேல மிச்சம் எதுவும் இருக்காது.

அந்த தூரம் எவ்ளோன்னு 1955ல தாம்லின்சன், கிரே ரெண்டு பேரும் இங்கிலாந்துல மனுஷ நுரையீரல் கேன்சரோட ஸ்லைடுகளை வச்சே கணக்கு போட்டாங்க. கட்டி செல்லுங்க கயிறு மாதிரி திரண்டிருந்துச்சு, சுத்தி ரத்தக்குழாய், கயிறு மெல்லிசா இருந்தா முழுக்க உயிரோட இருக்கு, தடிச்சா நடுவுல செத்துப்போன திட்டு. எவ்ளோ பெருசு ஆனாலும் ரத்தக்குழாய் பக்கத்துல உயிரோட இருக்குற விளிம்பு மட்டும் 180 மைக்ரானைத் தாண்டவே இல்ல. நம்ம தலைமுடி ரெண்டை அடுக்கி வச்ச கனம், அவ்ளோதான். ஆக்சிஜன் எவ்ளோ தூரம் ஊறும்னு கணக்கு போட்டாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வருது. (இந்த கிரே பேர்லதான் ரேடியேஷன் அளவே இருக்கு, ரேடியேஷன் எடுத்தவங்க ஃபைல்ல 60 கிரே, 66 கிரேன்னு எழுதியிருப்பாங்க பாருங்க, அவரேதான்.) உயிருள்ள விளிம்புக்கும் செத்த நடுப்பகுதிக்கும் இடையில ஒரு வரி செல்லுங்க இருக்கும், சாகவும் இல்ல, நல்லா வாழவும் இல்ல. அந்த கடைமடை செல்லுங்கதான் நம்ம ஹீரோ, இல்ல வில்லன்.

இதுமட்டும் இல்லாம கட்டிக்குள்ள இருக்குற ரத்தக்குழாய்களே உருப்படியா இருக்காது, அவசரத்துல கட்டினது, முறுக்கிக்கிட்டு, ஓட்டை ஓட்டையா, சிலது முட்டுச்சந்துல போய் நிக்கும், சிலது கொஞ்ச நேரம் அடைச்சுக்கிட்டு அப்புறம் தானா தொறந்துக்கும். அதனால ஒரே செல் காலையில கடைமடையா இருந்து மதியம் தலைமடையா ஆகலாம். ஜெர்மனியில மைன்ஸ் நகரத்துல 1990கள்ல ஊசி மாதிரி எலக்ட்ரோடை கர்ப்பப்பை வாய் கேன்சருக்குள்ள சொருகி நேரடியாவே அளந்தாங்க. பிபி பாக்குற அதே மில்லிமீட்டர் மெர்குரி கணக்குல, காத்துல ஆக்சிஜன் 160 பக்கம், தமனி ரத்தத்துல 95 பக்கம், நல்ல கர்ப்பப்பை வாய்ல 40 பக்கம், கட்டிக்குள்ள 10 பக்கம். அந்த 10க்கும் கீழ இருந்தவங்களுக்கு நோய் மோசமா போச்சு. ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு மட்டும் அப்படி ஆகியிருந்தா ஆக்சிஜன் இல்லாத இடத்துல ரேடியேஷன் சரியா வேலை செய்யலன்னு சொல்லி முடிச்சிருக்கலாம், ஆபரேஷன் மட்டும் பண்ணவங்களுக்கும் அதே நிலைமை. அப்ப ஆக்சிஜன் கம்மியா இருக்குற கட்டி அடிப்படையிலயே வேற மாதிரி நடந்துக்குதுன்னு அர்த்தம்.

சரி, செல்லுக்குள்ள என்ன நடக்குது. ஸ்கூல் பயாலஜியை கொஞ்சம் தூசி தட்டிக்கலாம். குளுக்கோஸ் உள்ள வந்ததும் பத்து ஸ்டெப்ல உடைஞ்சு ரெண்டு பைருவேட்டா ஆகும், கைக்கு கெடைக்குறது ரெண்டு ஏடிபி (செல் எனர்ஜிக்கு செலவழிக்குற சில்லறை காசு மாதிரி). பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போனா முழுசா எரிஞ்சு மொத்தமா 30 பக்கம் ஏடிபி கெடைக்கும், ஆனா அந்த எரிப்போட கடைசி கட்டத்துல எலக்ட்ரானை வாங்கிக்க ஆக்சிஜன் வேணும். மைட்டோகாண்ட்ரியா வழி அடைஞ்சா, பைருவேட்டை எல்டிஎச்-ங்கற என்சைம் லாக்டேட்டா மாத்திடும் (பிளட் ரிப்போர்ட்ல எல்டிஎச்னு ஒரு வரி வருமே, அதேதான்). இது வெறும் குப்பை கொட்டுற வேலை இல்ல, பைருவேட் லாக்டேட்டா மாறும்போதுதான் என்ஏடி-ங்கற மூலக்கூறு திரும்பக் கெடைக்கும், அது இல்லன்னா குளுக்கோஸை உடைக்கிற வேலையே பாதியில நின்னுரும். இட்லி மாவு புளிக்கும்போது பாக்டீரியா செய்யுறதும் இதேதான், மாவுல வர்ற புளிப்பும் லாக்டிக் ஆசிட்தான்.

30 ஏடிபி கெடைச்ச இடத்துல இப்ப ரெண்டு. ஈடு கட்டணும்னா குளுக்கோஸை அத்தனை மடங்கு வேகமா உள்ள இழுத்தாகணும், அதுக்கு கதவு, மெஷின், சாக்கடை எல்லாத்தையும் பெருசாக்கணும். யாரு இந்த ஆர்டர் போடுறது? இதை கண்டுபிடிச்ச கதைக்குத்தான் உண்மையிலயே ஒரு நோபல் இருக்கு, 2019ல, கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் மூணு பேருக்கும் சேர்த்து. அத்தையோட ஃபார்வர்ட் இந்த நோபலை பத்தி ஏன் பேசலன்னு எனக்கு புரியல, சமாச்சாரம் இங்கதான் இருக்கு.

செமென்சா தேடினது கேன்சரையே இல்ல. மலை மேல போனா கிட்னி எரித்ரோபோய்டின்னு ஒரு ஹார்மோனை சுரந்து ரத்த சிவப்பணுவை கூட்டும்ல, அந்த ஜீனை ஆன் பண்றது யாருன்னு தேடிக்கிட்டு போனாரு. 1990களோட ஆரம்பத்துல ஒரு புரதம் சிக்குச்சு, 1995ல சுத்தமா பிரிச்சும் எடுத்தாங்க, பேரு ஹிஃப்-1. அப்புறம் பாத்தா அது கிட்னியில மட்டும் இல்ல, உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் இருக்கு, எரித்ரோபோய்டின் மட்டும் இல்ல, நூத்துக்கணக்கான ஜீனுக்கு ஸ்விட்ச் அதுதான்.

இந்த ஸ்விட்ச் வேலை செய்யுற விதம் எனக்கு ரொம்ப பிடிச்சது. செல் ஹிஃப்போட முக்கிய பாகமான ஹிஃப் ஆல்ஃபாங்கற புரதத்தை எந்நேரமும் தயாரிச்சுக்கிட்டே இருக்கு, தயாரிச்ச கையோட அழிச்சுக்கிட்டும் இருக்கு, ஆக்சிஜன் இருக்கும்போது அதோட ஆயுசு அஞ்சு நிமிஷம் கூட தாண்டாது. என்னடா வெட்டி வேலைன்னு தோணும். ஆனா தீயணைப்பு வண்டி எஞ்சினை அணைக்காம ஸ்டேஷன் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்குற மாதிரி இது, அழிக்குறதை நிறுத்தினாலே போதும், தயாரிப்பை புதுசா ஆரம்பிக்காமலே நிமிஷக்கணக்குல புரதம் சேர்ந்துரும். அழிக்குறதுக்கு அடையாளம் வைக்குறது பிஎச்டி-ங்கற என்சைம் (டாக்டர் பட்டம் இல்லீங்க), அது ஹிஃப் மேல ரெண்டு இடத்துல ஆக்சிஜனை வச்சு முத்திரை குத்தும், முத்திரையைப் பாத்ததும் விஎச்எல்-ங்கற இன்னொரு புரதம் வந்து பிடிச்சு அழிக்குற மெஷினுக்கு தள்ளிவிட்டுரும். ஆக்சிஜன் இல்லன்னா முத்திரை இல்ல, முத்திரை இல்லன்னா ஹிஃப் பிழைச்சு நியூக்ளியஸுக்குள்ள போயிரும். முத்திரை சமாச்சாரத்தை 2001ல கேலின் டீமும் ராட்கிளிஃப் டீமும் தனித்தனியா ஒரே சமயத்துல வெளியிட்டாங்க.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேர் தவற விடுறது. மைட்டோகாண்ட்ரியாவோட கடைசி என்சைம் ஆக்சிஜனை கெட்டியா பிடிச்சுக்கும், ரொம்ப ரொம்ப கம்மியா இருந்தாக்கூட அதுக்கு போதும். பிஎச்டி என்சைம் அப்படி இல்ல, ஆக்சிஜன் லேசா இறங்கினாலே அதோட வேகம் இறங்கும். அதாவது மைட்டோகாண்ட்ரியா இன்னும் சமாளிச்சுக்கிட்டு இருக்கும்போதே இங்க அலாரம் அடிச்சிரும். வேற வழியில்லாம லாக்டேட் பக்கம் போகுதுன்னு நாம நினைக்குறோம், செல் முன்கூட்டியே முடிவு எடுத்து மாறுது.

ஹிஃப் நியூக்ளியஸுக்குள்ள போய் என்ன பண்ணும்? குளுக்கோஸ் உள்ள வர்ற கதவு க்ளூட்1, அதை ஜாஸ்தியாக்கும். உள்ள வந்த குளுக்கோஸை வெளிய போக விடாம பூட்டு போடுற ஹெக்ஸோகைனேஸ், அதையும் ஜாஸ்தியாக்கும். உடைக்கிற பாதையில இருக்குற என்சைம் பலதும், எல்டிஎச்சும் ஏறும். சேர்ந்த லாக்டேட்டை வெளிய தள்ள எம்சிடி4னு ஒரு பம்பு, செல்லுக்குள்ள அமிலம் ஏறாம பாத்துக்க சிஏ9னு ஒரு என்சைம், புது ரத்தக்குழாய் வரவழைக்க விஇஜிஎஃப்-ங்கற சிக்னல். இதெல்லாம் ஒரே ஒரு ஸ்விட்ச்ல.

ஆனா என்னை நிமிர்ந்து உக்கார வச்சது பிடிகே1. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள எரிய போற வாசல்ல ஒரு என்சைம் காவலுக்கு இருக்கு, பிடிகே1 அந்த வாசலை சாத்திரும். ஹிஃப்-1 இதையும் ஆன் பண்ணுதுன்னு 2006ல அமெரிக்காவுல ரெண்டு டீம் ஒரே நேரத்துல காட்டினாங்க. கேள்வி என்னன்னா, ஏற்கனவே எனர்ஜிக்கு திண்டாட்டம், அப்ப இருக்குற கொஞ்ச ஆக்சிஜனையாவது வச்சு எரிக்காம எதுக்கு வாசலையே சாத்தணும்? ஹிஃப்-1 இல்லாத எலி செல்லை எடுத்து ஆக்சிஜன் கம்மியான இடத்துல வச்சு பாத்தாங்க, அது மாறத் தெரியாம பழையபடியே எரிக்கப் பாத்துச்சு, உள்ள நாசம் பண்ற ஆக்சிஜன் ரகங்க, அதான் ஃப்ரீ ராடிக்கல்னு சொல்றோமே, அது குவிஞ்சு செல் செத்துப்போச்சு. அதே செல்லுல பிடிகே1ஐ மட்டும் வலுக்கட்டாயமா ஏத்தி விட்டா ராடிக்கல் குறைஞ்சு, ஏடிபியும் ஏறி, பிழைச்சுக்கிச்சு. விறகு அடுப்புல காத்து போற வழி அடைச்சுருச்சுன்னா விறகை தள்ளத் தள்ள புகைதான் வரும், கண்ணு எரியும், புத்திசாலி என்ன பண்ணுவா, விறகை வெளிய இழுத்துருவா. செல்லும் அதைத்தான் பண்ணுது. பட்டினிக்கு பயந்து மட்டும் இல்ல, புகைக்கு பயந்தும்தான் இந்த மாத்தம். இதுக்கு மேல மைட்டோகாண்ட்ரியாவோட ஒரு பாகத்தையே கழட்டி வேற ரகம் மாட்டுறது, பழசான மைட்டோகாண்ட்ரியாவை செல்லே தின்னு முடிக்குறதுன்னு இன்னும் ரெண்டு மூணு வேலையும் ஹிஃப் பாக்குது.

எனர்ஜி பிரச்சனை தீர்ந்துச்சு, அடுத்து கட்டுமானம். கேன்சர் செல் பிழைச்சா மட்டும் பத்தாது, ரெண்டாப் பிரியணும், பிரியணும்னா புது சவ்வு வேணும், சவ்வுக்கு கொழுப்பு வேணும். சாதாரணமா குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் சிட்ரேட் ஆகி வெளிய வந்துதான் கொழுப்பு தயாராகும், ஆனா வாசல்தான் சாத்தியாச்சே. அப்ப என்ன பண்ணுது, குளூட்டமின்னு ரத்தத்துல தாராளமா இருக்குற அமினோ அமிலத்தை எடுத்து கிரெப்ஸ் சுழற்சியோட (மைட்டோகாண்ட்ரியாவுல எரிப்பு நடக்குற வட்டப் பாதை) ஒரு பகுதியை ரிவர்ஸ்ல ஓட்டி சிட்ரேட் தயாரிக்குது. ஒன்வேயில எதிர்ல வர்ற ஆட்டோ மாதிரி. 2011, 2012 வாக்குல அடுத்தடுத்து மூணு டீம் இதை காட்டினாங்க, பாடப்புத்தகத்துல வட்டமா அம்புக்குறி போட்டு ஒரே திசையில சுத்துறதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கின நமக்கு கொஞ்சம் அதிர்ச்சிதான். இது போக அசிட்டேட்டை பொறுக்கிக்கிட்டு வந்தும் கொழுப்பு தயாரிக்குது.

அதுலயும் ஒரு சிக்கல், கொழுப்பு நெகிழ்வா இருக்கணும்னா அன்சாச்சுரேட்டட் ரகம் வேணும் (கெட்டியான டால்டாவையும் எண்ணெயையும் நினைச்சுக்கோங்க), சாச்சுரேட்டட் கொழுப்பை அப்படி மாத்துற என்சைமுக்கும் ஆக்சிஜன் வேணும். அது கெடைக்காதப்ப கடைமடை செல் தானா தயாரிக்கறதை விட்டுட்டு வெளிய இருந்து ரெடிமேடா எடுத்துக்குது. ஆக்சிஜன்னா எரிக்குறதுக்கு மட்டும்தான்னு நினைக்குறோம், செல்லுக்குள்ள அதை கச்சாப்பொருளா கேக்குற என்சைம் எக்கச்சக்கம், அத்தனையும் ஒரே நேரத்துல கைவிரிக்குதுங்க. டிஎன்ஏ மேலயும் அது சுத்தியிருக்குற ஹிஸ்டோன் புரதம் மேலயும் இருக்குற குறிகளை அழிக்குற என்சைம்கள்லயும் பலது இந்த ரகம்தான், அதனால எந்த ஜீன் ஓடணும், எது ஓடக்கூடாதுங்கற கணக்கே மாறிப்போகுது.

இப்ப அந்த லாக்டேட் எல்லாம் எங்க போகுது? ரொம்ப நாளா அது வெறும் கழிவுன்னுதான் நினைச்சாங்க. 2008ல எலியில பாத்தது என்னன்னா, கடைமடை செல்லுங்க வெளிய விடுற லாக்டேட்டை ரத்தக்குழாய் பக்கத்துல வசதியா இருக்குற தலைமடை செல்லுங்க எம்சிடி1ங்கற கதவு வழியா உள்ள இழுத்து ஆக்சிஜனை வச்சு எரிச்சுக்குதுங்க, அதனால அதுங்களுக்கு குளுக்கோஸ் ரொம்ப தேவைப்படல, குளுக்கோஸ் அவங்களைத் தாண்டி கடைமடை வரைக்கும் போய் சேருது. காவிரி பாசனத்துல இப்படி ஒரு ஏற்பாட்டை கனவுல கூட பாக்க முடியாது. எம்சிடி1ஐ மருந்தால அடைச்சா தலைமடைக்காரன் குளுக்கோஸையே பிடிச்சுக்குறான், கடைமடை பட்டினியில சாகுது.

லாக்டேட்டோட சேர்ந்து அமிலமும் வெளிய போறதால கட்டியோட செல்லுங்களுக்கு வெளிய இருக்குற பிஎச் 6.5லேர்ந்து 6.9 வரைக்கும் இறங்கும் (எண் இறங்க இறங்க அமிலம் ஜாஸ்தி), ரத்தத்துல 7.4. ஆல்கலைன் தண்ணிக்காரங்க பிடிச்சுக்குற இடம் இதுதான். ஆனா ரத்தத்தோட பிஎச்சை நுரையீரலும் கிட்னியும் சேர்ந்து 7.35-7.45க்குள்ள பிடிச்சு வச்சிருக்கு, நீங்க எந்த தண்ணியை குடிச்சாலும் அது வயித்து ஆசிட்ல விழுந்து அங்கயே முடிஞ்சிரும். கட்டியில அமிலம் வர்றது நீங்க குடிச்சதால சாப்பிட்டதால இல்ல, அது உள்ளயே தயாராகுது. அந்த அமிலமும் லாக்டேட்டும் சேர்ந்து கட்டியை கொல்ல வர்ற டி செல்லுங்கற நோய் எதிர்ப்பு செல்லை சோர்ந்து போக வைக்கும், சுத்தி இருக்குற திசுவை அரிச்சு கட்டி பரவ வழி பண்ணும்.

ஹிஃப் எவ்ளோ முக்கியம்னு தெரியணும்னா ஆக்சிஜன் இருந்தும் அலாரம் நிக்காத கேஸ்களைப் பாக்கணும். பரம்பரையா விஎச்எல் ஜீன் பழுதான குடும்பங்க இருக்கு, அவங்களுக்கு கிட்னி கேன்சரும் மூளை, கண்ணுல ரத்தக்குழாய் கட்டிகளும் வரும். பரம்பரை இல்லாம சாதாரணமா வர்ற க்ளியர் செல் கிட்னி கேன்சர்லயும் பெரும்பாலானதுல விஎச்எல் கெட்டுத்தான் இருக்கு. முத்திரை குத்தினாலும் பிடிச்சு அழிக்க ஆள் இல்ல, அதனால அந்த செல் ஆக்சிஜன் நடுவுல உக்காந்துக்கிட்டே மூச்சு முட்டுறதா நினைச்சு வாழுது, கொழுப்பும் க்ளைக்கோஜனும் (குளுக்கோஸோட சேமிப்பு ரூபம்) அடைச்சு வைக்குது, ஸ்லைடு தயாரிக்கும்போது அதெல்லாம் கரைஞ்சு போயிடுறதால மைக்ரோஸ்கோப்ல செல் காலியா, வெள்ளையா தெரியும், க்ளியர் செல்லுங்கற பேரே அதனாலதான். இங்க முக்கியமா ஆட்டம் போடுறது ஹிஃப்-1ஓட உடன்பிறப்பு ஹிஃப்-2, அதை நேரா அடைக்குற பெல்சுட்டிஃபான் மாத்திரைக்கு 2021ல விஎச்எல் நோய்க்கும், 2023 கடைசியில முத்தின கிட்னி கேன்சருக்கும் அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. ஸ்விட்ச் புரதத்தை மருந்தால தொடவே முடியாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்த காலம் உண்டு.

இதே மாதிரி இன்னொண்ணு, கிரெப்ஸ் சுழற்சியில எஸ்டிஎச்-ங்கற என்சைம் கெட்டுப்போனா சக்சினேட்ங்கற பொருள் தேங்கி பிஎச்டியை முடக்கும், ஹிஃப் ஏறும், கழுத்துல கரோட்டிட் பாடிங்கற உறுப்புல கட்டி வரும். கரோட்டிட் பாடியோட வேலையே ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு பாக்குறதுதான். அதே இடத்துல கட்டி வர்றது பெருவுல ஆண்டீஸ் மலை உச்சியில வாழ்றவங்ககிட்ட சமவெளி ஆளுங்களைவிட ஜாஸ்தி. ஜீன் கெட்டாலும் சரி, நிஜமாவே காத்து மெலிஞ்சாலும் சரி, அந்த உறுப்புக்கு ஒரே செய்திதான் போகுது.

சிகிச்சை பக்கம் வந்தா ரேடியேஷனுக்குத்தான் மொத அடி. ரேடியேஷன் டிஎன்ஏவுல உண்டாக்குற காயத்தை ஆக்சிஜன் வந்து நிரந்தரமாக்கும், ஆக்சிஜன் இல்லாத செல்லை கொல்ல இரண்டரை மூணு மடங்கு டோஸ் தேவைப்படும். லண்டன்ல 1950கள்லயே நோயாளியை அழுத்தமான ஆக்சிஜன் தொட்டிக்குள்ள படுக்க வச்சு ரேடியேஷன் குடுத்து பாத்திருக்காங்க. டென்மார்க்ல ஆக்சிஜன் மாதிரியே நடிக்குற நிமோரசோல் மாத்திரையை தொண்டை கேன்சருக்கு ரேடியேஷனோட சேர்த்து குடுக்குறாங்க, 1998ல வந்த அவங்க ட்ரையல் முடிவு அதுக்கு ஆதாரம். நம்ம ஊர்ல ஜாஸ்தியா பாக்குற வாய், தொண்டை, கர்ப்பப்பை வாய் கேன்சர் எல்லாமே ஆக்சிஜன் கம்மியா இருக்குறதுக்கு பேர் போன ரகம்தான், ரேடியேஷனும் அதுங்களுக்குத்தான் நிறைய போகுது. ஹீமோகுளோபின் பாக்குறதும், இந்த சிகரெட்டையாவது விடுய்யான்னு டாக்டர் கத்துறதும் சும்மா இல்ல, புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல கெட்டியா பிடிச்சுக்கும், கடைமடைக்கு போக வேண்டியது அங்கயே நின்னுரும்.

அப்ப ரத்தத்தை கூட்டினா சரியாயிருமேன்னு தோணும். 2003ல வந்த ஒரு ட்ரையல்ல தலை கழுத்து கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்த 351 பேர்ல ஒரு பாதிக்கு எரித்ரோபோய்டின் ஊசி போட்டாங்க, ஹீமோகுளோபின் அழகா ஏறுச்சு, நோய் மட்டும் போடாதவங்களைவிட மோசமா போச்சு. செமென்சா எந்த ஹார்மோன் பின்னாடி போய் ஹிஃப்பை கண்டுபிடிச்சாரோ அதே ஹார்மோன்.

சக்கரையை நிறுத்தினா கேன்சர் பட்டினி கெடந்து சாகுமான்னு அடுத்த கேள்வி வரும், ஏன்னா பெட் ஸ்கேனே குளுக்கோஸை கட்டி இழுக்குறதை வச்சுத்தான் எடுக்குறாங்க, அதனாலதான் வெறும் வயித்துல வரச் சொல்லி சுகர் 200க்கு கீழ இருக்கான்னும் பாக்குறாங்க. நீங்க சோறு சக்கரை எல்லாத்தையும் விட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிச்சு ரத்தத்துல அளவை காப்பாத்திரும், அதுக்குள்ள கட்டி குளூட்டமின், லாக்டேட், அசிட்டேட்னு வேற கடைக்கு போயிரும். எடை குறையுறது நோயாளிக்குத்தான். சுகர் இருக்குறவங்க அதை கன்ட்ரோல்ல வச்சுக்கணும், அது வேற விஷயம்.

இப்ப எனக்கு சுவாரசியமா தெரியுறது எதிர்ப்பக்க யோசனை. கடைமடைக்கு தண்ணி சேரணும்னா மேட்டூர்ல கூடுதலா தொறக்கலாம், அது இத்தனை வருஷமா ஒழுங்கா நடக்கல, இல்லன்னா தலைமடையில இழுக்குற மோட்டாரை குறைக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவை கொஞ்சம் மந்தமாக்குற மருந்து குடுத்தா ரத்தக்குழாய் பக்கத்து செல்லுங்க ஆக்சிஜனை கம்மியா எடுக்கும், மிச்சம் உள்ள வரைக்கும் ஊறும், அப்புறம் ரேடியேஷன் வேலை செய்யும். சுகர் மாத்திரை மெட்ஃபார்மினுக்கு அந்த குணம் உண்டு, எலியில நல்லா இருந்துச்சு, நுரையீரல் கேன்சருக்கு கீமோ ரேடியேஷனோட சேர்த்து குடுத்த ட்ரையல் 2021ல வெளியானப்ப பிரயோஜனம் தெரியல. மலேரியாவுக்கு குடுக்குற அட்டோவாகோனை ஆக்ஸ்ஃபோர்டுல ஆபரேஷனுக்கு முன்னாடி நுரையீரல் கேன்சர் நோயாளிங்களுக்கு குடுத்தாங்க, ஸ்கேன்ல மூச்சு முட்டுற பகுதி சுருங்கியிருந்துச்சு. சுருங்குனதால ஆயுசு கூடுதாங்கறதை அந்த சின்ன ஸ்டடியை வச்சு சொல்ல முடியாது, ரேடியேஷனோட சேர்த்து குடுத்து பாக்குறதுதான் அடுத்த வேலை. அத்தைக்கு இதையெல்லாம் எட்டு வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன், நீலக்குறி விழுந்துச்சு, "மெஷின் ஆர்டர் பண்ணலடா, நீ மொதல்ல சாப்டியா"ன்னு பதில் வந்துச்சு.